பழைய காரில் கார்புரேட்டர் கோளாறு: எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது

பழைய கார் சரியாக ஓடவில்லை என்றால் முதல் பழி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் மேல்தான் விழும். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். திருகிப் பார்க்கத் தோதாக இரண்டு ஸ்க்ரூவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கை சும்மா இருக்காது. கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகித் திருகி, முதலில் எந்த நிலையில் இருந்தது என்பதே மறந்துபோகும். உண்மையான கோளாறு தேய்ந்துபோன பாயிண்ட்டிலோ (தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டிச் சேர்க்கும் தொடுமுனை) வெடிப்பு விட்ட வேக்குவம் குழாயிலோ அப்படியே இருக்கும். இப்போது சரிசெய்ய வேண்டியது ஒன்றல்ல, இரண்டு.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும்: கோளாறு எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஐடிலிங்கிலா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நொடியிலா, சீரான வேகத்திலா, மேட்டில் முழுதாக மிதிக்கும்போதா, சூடான இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதா? கார்புரேட்டருக்குள் இந்த ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பாதை உண்டு. நேரம் தெரிந்தால் எந்தப் பாதை என்று தெரியும். பாதை தெரிந்தால் எந்தத் துளையைப் பார்ப்பது என்று தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜின் உறிஞ்சும் காற்று, வெஞ்சுரி எனப்படும் குறுகிய கழுத்து வழியாகப் போகிறது. குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவு, பக்கத்து ப்ளோட் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் எனப்படும் அளவுத் துளை வழியாக இழுத்துக் காற்றில் தெளிக்கிறது. கிண்ணத்தில் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது மிதவையான ப்ளோட்டும், அது ஏறும்போது பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் வால்வும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கலவை ரிச், காற்று கூடினால் லீன். முழு இழுவிசைக்கு, 1 கிலோ பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 கிலோ காற்று மட்டுமே உள்ள ரிச் கலவை வேண்டும்.

ஐடிலிங்கில் பட்டர்ஃபிளை (ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறக்கும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் வெஞ்சுரியில் இழுப்பே இருக்காது. அப்போது பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். பட்டர்ஃபிளை கொஞ்சம் திறந்ததும் அதன் விளிம்புக்கு அருகிலுள்ள பொடித் துளைகள் உதவிக்கு வரும். இவற்றை மாறுநிலைத் துளைகள் எனலாம். திடீரென மிதித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீய்ச்சு பெட்ரோல் தரும். பிறகு மெயின் ஜெட் பொறுப்பேற்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கு, காற்றைக் குறைத்துக் கலவையை ரிச்சாக்கும் சோக். சோலெக்ஸ், வெபர், ஜெனித், ஹோலி, ரோச்செஸ்டர் போன்ற, வெஞ்சுரியின் அளவு மாறாத நிலை ஜெட் கார்புரேட்டர்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. எஸ்யூ, ஜெனித் ஸ்ட்ரோம்பர்க் வகை வேறு; அதற்குப் பின்னால் வருவோம்.

பெட்ரோலோடு விளையாட்டில்லை

திறந்த வெளியிலோ காற்றோட்டமுள்ள இடத்திலோ வேலை செய்யுங்கள். பெட்ரோல் பாதையைக் கழற்றும் எந்த வேலைக்கும் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் கேபிளும் கழன்றிருக்க வேண்டும். பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய தீயணைப்பான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டரின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பார்க்கவே கூடாது. லீன் கலவையில் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். அந்தத் தும்மலில் தீ வரும்.

முதலில் தீப்பொறி

அனுபவமுள்ள மெக்கானிக் கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொடுவார். காரணம், பொறி பலவீனமானால் தெரியும் அறிகுறிகளும் கார்புரேட்டர் கோளாறின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். திக்கித் திக்கி ஓடுவது, மிதித்தால் தயங்குவது, ஐடிலிங்கில் நின்றுபோவது எல்லாம் இரண்டு பக்கமும் பொது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட் முகங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றிருந்தால் மாற்றுங்கள், பாயிண்ட் முகத்தில் பொறி அடிப்பதைக் குறைக்கும் கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் இடைவெளி பல நாலு சிலிண்டர் கார்களுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவை ஃபீலர் கேஜ் வைத்து அமையுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இந்த வரிசை மாறக் கூடாது: பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும்.

இன்ஜினின் உறிஞ்சலால் பொறியை முன்கூட்டி விழவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவின் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயாபரம் எனும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படிக் கிழிந்தது டைமிங்கையும் கெடுக்கும், கார்புரேட்டருக்குள் வேண்டாத காற்றையும் விடும். இரண்டு கோளாறு ஒரே இடத்தில்.

வால்வு கிளியரன்ஸும் கம்ப்ரெஷனும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் விழுந்திருந்தால் எந்தக் கார்புரேட்டர் ட்யூனிங்கும் அந்த இன்ஜினை சீராக ஓட்டாது. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டர் பாதி மூடிய சோக்குக்குச் சமம்.

இன்னொன்றை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பட்டர்ஃபிளை நேராக நிற்கும் அளவுக்குத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்து முக்கால் பங்கு மட்டுமே திறக்கும் வண்டிக்கு, இழுவை இல்லை என்று ஜெட் மாற்றி என்ன பயன்?

அடுத்து, பெட்ரோல் வந்து சேர்கிறதா

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். பொறி விழாமலிருக்க, காயிலுக்குப் போகும் பிரைமரி வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் பெட்ரோல் துடிப்புத் துடிப்பாகப் பீறிட வேண்டும். நூலாக ஒழுகினாலோ குமிழி குமிழியாக வந்தாலோ கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கிறது: அடைத்த ஃபில்டர், பலவீனமான பம்ப் டயாபரம், அல்லது டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவே காற்று உறிஞ்சும் குழாய். அந்தப் பகுதிக் குழாயில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தெரியவில்லை என்பதை வைத்து அதை விட்டுவிடாதீர்கள்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோய், சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் சுவாசத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகிறது.

அழுத்தம் கூடினாலும் ஆபத்து. எஸ்யூ கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), வெபருக்கு 3.5 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ மேல் வரம்பு. பிற்காலத்தில் யாராவது பொருத்திய எலக்ட்ரிக் பம்ப் இதைத் தாண்டித் தள்ளினால் நீடில் வால்வால் தாங்க முடியாது. கிண்ணம் நிரம்பி வழியும். புது நீடில் வால்வு போட்டும் வழிகிறது என்றால் அழுத்தத்தை அளந்து பார்த்து ரெகுலேட்டர் போடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உள்பக்கமாக உதிரும். ப்ளோட் கிண்ணத்தின் அடியில் மைப்பொடி போலக் கறுப்புத் துகள்கள் கிடந்தால் குழாய் முழுவதையும் மாற்றுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக் குழாய் எத்தனாலைத் தாங்கும். வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் எத்தனால் ஈர்த்த தண்ணீர் உலோகத்தை அரித்திருக்கிறது. 10 சதவீத எத்தனால் கலவையை 3, 4 சதவீதம் லீனாக்கும். ஏற்கெனவே விளிம்பில் ஓடும் வண்டியில் அது தெரியும்.

ஏர் லீக்: கண்ணுக்குத் தெரியாத எதிரி

கார்புரேட்டரைத் தாண்டி உள்ளே நுழையும் எந்தக் காற்றுக்கும் ஜெட் கணக்கு வைத்திருக்காது. கலவை லீனாகும். ஐடிலிங் ஏறி இறங்கும், சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சீராகும். இந்தக் கடைசி அடையாளம் மிக முக்கியம்: சூடான இன்ஜின் சோக் இழுத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் எங்கோ பெட்ரோல் குறைகிறது அல்லது காற்று கூடுகிறது.

சந்தேகம் வர வேண்டிய இடங்கள்: கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கேஸ்கட், பிரேக் மிதிக்க உதவும் சர்வோவுக்குப் போகும் குழாய், வேக்குவம் அட்வான்ஸ் குழாய், பட்டர்ஃபிளை தண்டின் இரு முனைகள். தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் அந்த இடைவெளி வழியாகக் காற்று போகிறது. பல ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் இது சகஜம். புஷ் போட்டோ தண்டு மாற்றியோதான் தீரும். ஸ்க்ரூ திருகித் தீராது.

சோதிக்க எளிய வழி, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல், ஒவ்வொரு இணைப்பாக மெல்லிசாகத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது இன்ஜின் ஓசை மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயால் செய்வதும் உண்டு, அறிகுறி இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருப்பதால் புதியவர்கள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேக்குவம் கேஜ் இருந்தால் மேனிஃபோல்டில் இணையுங்கள். கடல் மட்டத்துக்கு அருகில், நல்ல நிலையிலுள்ள சாதாரண இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். முள் நிலையாக நின்று அளவு மட்டும் குறைவாக இருந்தால் ஏர் லீக் அல்லது பின்தங்கிய டைமிங்.

எந்த வேளையில், எந்தக் கோளாறு

இதுவரை எல்லாம் சரி என்றால் இப்போதுதான் கார்புரேட்டரின் முறை.

குளிர்ந்த ஸ்டார்ட் கஷ்டம்: ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினை ஓட்டாமல், சோக்கை இழுத்து அதன் தகடு முழுதாக மூடுகிறதா, தள்ளினால் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் உறையோடு சேர்ந்து நகர்ந்து, குமிழ் வெளியே வந்தும் தகடு அசையாமல் இருப்பது அடிக்கடி நடப்பது. ஆட்டோமேட்டிக் சோக்கில் பைமெட்டல் சுருள் குளிரில் தகட்டை மூட வேண்டும், இன்ஜின் பற்றியதும் வேக்குவம் அதைக் கொஞ்சம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் கறும்புகை விட்டு நிற்கும். பல நாள் நிறுத்திய வண்டி என்றால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பம்ப் அதை நிரப்பும்வரை செல்ஃப் அடிக்கத்தான் வேண்டும், அது கோளாறல்ல. 10 நொடி அடித்து, இடைவெளி விட்டு, மறுபடி அடியுங்கள். செல்ஃப் மோட்டார் பிழைக்கும்.

ஐடிலிங்கில் மட்டும் நிற்கிறது, மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது: ஸ்லோ ஜெட் அடைப்பு என்பதே முதல் ஊகம். மயிரிழைத் துளை அது. ஒரு தூசு போதும். பல கார்புரேட்டர்களில் முழுதாகப் பிரிக்காமலே வெளியிலிருந்து கழற்றி ஊதிப் போடலாம். சாவியை அணைத்ததும் ஐடில் பெட்ரோலை அடைக்கும் ஐடில் கட்-ஆஃப் சோலினாய்டு உள்ள மாடல் என்றால் இக்னிஷன் சாவியைப் போடும்போது அதில் டிக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரைப் பாருங்கள், பிறகு சோலினாய்டை.

ஐடிலிங் கலவையை அமைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ இங்கே நல்ல சாட்சி. இன்ஜின் ஓடும்போது அதை மெல்ல உள்ளே திருகுங்கள். இன்ஜின் தடுமாறி நிற்கப் பார்த்தால் ஐடில் பாதை வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லை என்றால் இரண்டில் ஒன்று: பாதை முழுதாக அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் இன்ஜின் வேறெங்கிருந்தோ பெட்ரோல் குடிக்கிறது. ஐடிலிங் வேகத்தை அமைக்கும் ஐடில் ஸ்க்ரூவை அதிகம் திருகிப் பட்டர்ஃபிளையைத் திறந்து வைத்திருந்தால் மாறுநிலைத் துளைகள் வழியாகப் பெட்ரோல் வரும். ப்ளோட் மட்டம் உயர்ந்திருந்தால், மெயின் ஜெட்டின் பெட்ரோல் வெஞ்சுரிக்குள் வரும் மெயின் நாசில் வழியாகவே சொட்டும். டார்ச் அடித்து வாய்க்குள் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஐடிலிங்கில் மெயின் நாசிலிலிருந்து ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

மிதித்த நொடியில் தயக்கம்: இன்ஜினை நிறுத்தி, வாய்க்குள் பார்த்தபடி லீவரைச் சட்டென்று திறங்கள். அந்தக் கணமே மெல்லிய, நேரான பீய்ச்சு வர வேண்டும். தாமதித்து வந்தால், நனைந்து வழிந்தால், வராவிட்டால், ஆக்சிலரேட்டர் பம்பின் டயாபரம் கிழிந்திருக்கும் அல்லது அடியில் பெட்ரோலை ஒரே திசையில் விடும் செக் பால் எனும் சிறு குண்டு தூசில் சிக்கியிருக்கும். பீய்ச்சு நன்றாக இருந்தும் தயக்கம் இருந்தால் டைமிங்கையும் மாறுநிலைத் துளைகளையும் பாருங்கள்.

ஓட்டத்தில் தும்முகிறது, மேட்டில் இழுக்கவில்லை: கார்புரேட்டர் வழியாகத் தும்மல் லீன் கலவைக்கு அடையாளம். மெயின் ஜெட் அடைப்பு, ப்ளோட் மட்டம் தாழ்வு, அல்லது பம்பால் ஈடுகொடுக்க முடியாமை. முழுதாக மிதித்துச் சில நொடி நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு விழுந்தால் கிண்ணம் காலியாகிறது என்று அர்த்தம். ஜெட்டை விட்டுவிட்டுப் பெட்ரோல் வரத்தைத் தேடுங்கள்.

கறும்புகை, பெட்ரோல் வாடை, கரி பிடித்த பிளக்: ரிச். திறக்காத சோக், அடைத்த ஏர் ஃபில்டர், அடைத்த ஏர் ஜெட் (பெட்ரோலோடு காற்று சேர்க்கும் துளை), உயர்ந்த ப்ளோட் மட்டம், ஓட்டை ப்ளோட் என்ற வரிசையில் பாருங்கள். ஹோலியில், முழு இழுவைக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வின் டயாபரம் பின்வெடிப்பில் கிழிவதுண்டு. அதன்மேல் 65 என்று அடித்திருந்தால் வேக்குவம் 6.5 அங்குலத்துக்கு இறங்கும்போது திறக்கும் வால்வு என்று பொருள்.

கிண்ணம் வழிகிறது: நீடில் வால்வில் தூசு சிக்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சில சமயம் விடுபடும். வீடு போய்ச் சேர இது போதும், இதுவே மருத்துவமல்ல. நீடிலைக் கழற்றி அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையைச் சுற்றி மோதிரம் போல ஒரு பள்ளக்கோடு விழுந்திருந்தால் அது இனி அடைக்காது. நீடிலையும் சீட்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுப்பது

இதைக் கார்புரேட்டரின் தவறு என்று சொல்வது பாதி உண்மை. இன்ஜினை நிறுத்தியதும் கூலிங் ஃபேன் நின்றுவிடும், மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து நாசில் வழியாக மேனிஃபோல்டில் வழியும், பெட்ரோல் மிகுந்து இன்ஜின் ஓவராகிவிடும். அல்லது பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அப்போது கிண்ணம் காலி.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. நின்ற பத்து நிமிடத்தில் வாய்க்குள் பாருங்கள். ஈரமும் வாடையும் இருந்தால் முதலாவது. லீவரைத் திறந்தும் ஆக்சிலரேட்டர் பம்ப் பீய்ச்சு வரவில்லை என்றால் இரண்டாவது. முதலாவதற்கு ஆக்சிலரேட்டரை மெதுவாக முழுதும் மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். குத்திக் குத்தி மிதிக்காதீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோல் ஊற்றும். இரண்டாவதற்குப் பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிடுவதே உடனடி வழி. நிரந்தரத் தீர்வு இரண்டுக்கும் ஒன்றுதான்: கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே பேக்லைட் தடுப்புக்கட்டை, எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பத் தகடு, சூட்டிலிருந்து விலக்கி ஓட்டிய பெட்ரோல் குழாய். பழைய உரிமையாளர் யாரோ அந்தக் கட்டையைத் தூக்கி எறிந்திருப்பார். உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று கையேட்டுப் படத்தில் பாருங்கள்.

கழற்றிச் சுத்தம் செய்வது

1. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், லீவர் கம்பிகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பது உட்பட. முதலில் உங்கள் மாடலுக்கான கேஸ்கட் கிட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெல்ல உட்காரும்வரை உள்ளே திருகி எத்தனை திருப்பு என்று எண்ணி எழுதுங்கள். அழுத்தி இறுக்கினால் கூம்பு முனையில் பள்ளக்கோடு விழும். அதன்பின் அந்தக் கார்புரேட்டர் ஒருபோதும் நுட்பமாக ட்யூன் ஆகாது.

3. மேல் மூடியைத் தூக்கும்போது கேஸ்கட் ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள். மரக் கைப்பிடியால் சுற்றிலும் தட்டினால் விடும். கவிழ்க்கும் முன் தட்டு ஒன்றைக் கீழே வையுங்கள். செக் பால் உருண்டு ஓடிவிடும்.

4. ஜெட்டுகளைச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது. வெபரிலும் பல சோலெக்ஸிலும் ஜெட்டின் மேலுள்ள எண் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு: 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

5. ரப்பர், டயாபரம், ப்ளோட் எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு உடலின் ஒவ்வொரு துளையிலும் கார்ப் கிளீனர் அடியுங்கள். ஒரு முனையில் அடித்தது மறுமுனையில் வெளியே வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பிறகு கம்ப்ரெஸர் காற்று. ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி நுழைக்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் துளை பெரிதாகும். நைலான் இழை போதும்.

6. பித்தளை ப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. ஈயம் வைத்து அடைக்கலாம்தான், ஆனால் எடை கூடி மட்டம் மாறும். புதிது கிடைத்தால் புதிதே நல்லது.

7. புது கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள். பல மாடல்களுக்குப் பொதுவாக வரும் கிட்டில் ஒரே உருவத்தில் இரண்டு மூன்று கேஸ்கட் இருக்கும். ஒரே ஒரு துளை இல்லாததைப் போட்டால் ஒரு பாதை முழுதும் அடைபடும், நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

8. ப்ளோட் உயரத்தைக் கையேட்டு அளவுக்கு அமையுங்கள். கேஸ்கட்டோடு அளப்பதா, இல்லாமலா என்பதைப் படித்துவிட்டு அளங்கள். பழைய ஹோலியில் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பெட்ரோல் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ப்ளோட் மேல் மூடியில் தொங்கும் மாடல் என்றால், மூடியைத் தலைகீழாகப் பிடித்து இன்லெட்டில் சுத்தமான குழாய் மாட்டி ஊதுங்கள். ப்ளோட்டின் எடையிலேயே வால்வு மூடிக் காற்று தடைபட வேண்டும்.

9. பொருத்தும்போது நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் பலமாக இறுக்கினால் அடிப்பாகம் வளைந்து புதிதாக ஒரு ஏர் லீக் பிறக்கும். பழைய அடிப்பாகத்தில் நேர்விளிம்பு ஸ்கேல் வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஐடிலிங் அமைப்பது

இன்ஜின் முழுதாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். எண்ணி வைத்த திருப்பு இல்லையென்றால் மிக்ஸர் ஸ்க்ரூவை மூடிய நிலையிலிருந்து ஒன்றரைத் திருப்பு வெளியே எடுத்துத் தொடங்குங்கள். வேகம் தடுமாறும்வரை மெல்ல உள்ளே, பிறகு இன்ஜின் மிக வேகமாகவும் மிகச் சீராகவும் ஓடும்வரை வெளியே. வேகம் கூடியிருக்கும், ஐடில் ஸ்க்ரூவால் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள். மறுபடி மிக்ஸர், மறுபடி ஐடில். இரண்டு மூன்று சுற்றில் அமர்ந்துவிடும். ஒவ்வொரு திருகலுக்கும் பின் சில நொடி பொறுங்கள். இன்ஜின் உடனே பதில் சொல்லாது. பெரும்பாலான மாடல்களில் உள்ளே திருகினால் லீன். ஆனால் அந்த ஸ்க்ரூ காற்றை அளக்கும் வகையாக இருந்தால் உள்ளே திருகினால் ரிச். கையேடு பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எஸ்யூ வகை

இதில் வெஞ்சுரியே பிஸ்டனோடு ஏறி இறங்கும்; ஒரே ஜெட், ஒரே ஊசி. அதனால் ஆக்சிலரேட்டர் பம்பும் ஸ்லோ ஜெட்டும் கிடையாது. பம்பின் வேலையை மேலேயுள்ள டேம்பர் எண்ணெய் செய்கிறது; எண்ணெய் வற்றினால் மிதித்த நொடியில் தயங்கும். 20 கிரேடு எண்ணெய் ஊற்றி டேம்பரை இறக்கினால், மூடி திருகத் தொடங்கும் முன்பே கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும்.

பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கிக் கடைசியில் டக்கென்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். ஒட்டினால் பிஸ்டனையும் அதை மூடியுள்ள மேல்கூடையும் கிளீனரால் துடையுங்கள். பக்கங்களில் எண்ணெய் தடவாதீர்கள், நடுத்தண்டில் ஒரு சொட்டு போதும். இரட்டைக் கார்புரேட்டரில் ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கூடையில் போட்டுவிடாதீர்கள், அவை ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஸ்ட்ரோம்பர்க்கில் இதே இடத்தில் ரப்பர் டயாபரம் இருக்கும். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பிஸ்டன் ஏறாது, வண்டி இழுக்காது.

கலவை பார்க்க, சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். உடனே தடுமாறி நிற்கப் பார்த்தால் லீன். ஒரு கணம் லேசாகக் கூடி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரி. எஸ்யூவின் எச்எஸ் வகையில் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒவ்வொரு முகமாகத் திருகுங்கள். ஜெட் மேலே போனால் லீன், கீழே வந்தால் ரிச். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாவிட்டால் ஜெட்டை, பிஸ்டனுக்கு நேர் கீழேயுள்ள மேடான பாலத்தோடு சமமாக ஏற்றி, 12 முகம், அதாவது இரண்டு முழுத் திருப்பு, கீழே இறக்குங்கள். எச்ஐஎஃப் வகையில் பக்கவாட்டு ஸ்க்ரூவை வலமாகத் திருகினால் ரிச். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் முதலில் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று சமன் செய்த பிறகே கலவை. ஃப்ளோமீட்டர் இல்லையென்றால் ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொரு வாயிலும் ஒரே இடத்தில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் சீறும் ஒலியின் வேறுபாடு நன்றாகவே கேட்கும்.

கடைசி சாட்சி பிளக்

ஐடிலிங்கில் மட்டும் பார்த்த பிளக் நிறத்தை நம்ப வேண்டாம். சுத்தமான பிளக் போட்டு, ஆளில்லாத பாதுகாப்பான சாலையில் சில கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு கிளட்ச்சை மிதித்து, இன்ஜின் ஐடிலிங்கில் ஓட இடம் கொடுக்காமல் இக்னிஷனை நிறுத்தி, ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். பிரேக் சர்வோ உள்ள வண்டியில் இன்ஜின் நின்றதும் உதவி கொஞ்ச நேரமே இருக்கும், ஸ்டியரிங் பூட்டு விழும் வண்டியில் சாவியை ஆஃப் நிலையைத் தாண்டித் திருப்பவே கூடாது. இரண்டையும் மனதில் வைத்து முன்னால் நீண்ட வெற்றிடம் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறப் பழுப்பு சரியான கலவை. கரும்பட்டு போல உலர்ந்த கரி என்றால் ரிச். சுண்ணாம்பு வெள்ளையாகவோ இன்சுலேட்டரில் பொடிக் கொப்புளத்தோடோ இருந்தால் லீன். அதோடு தொடர்ந்து ஓட்டக் கூடாது, பிஸ்டன் உருகும். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் அது கார்புரேட்டர் விஷயமல்ல, ரிங் அல்லது வால்வு கைடு. எல்லா பிளக்கும் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் ஜெட்டை மாற்றாதீர்கள். அந்த சிலிண்டரின் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எல்லாமே வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரே ஒரு அளவு பெரிதாக்கி, 130 இருந்த இடத்தில் 135 போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பிளக்கை மறுபடி கழற்றிப் பாருங்கள்.